அட்டவணைக்குள் அடங்காத ஆள்

எனக்கு வலது மணிக்கட்டில் ஒரு வலி இருக்கிறது. மாரியில் கூடும், கோடையில் குறையும். நெல்மூட்டை தூக்கிய கையல்லவா, இருக்கத்தானே செய்யும் என்று வீட்டில் சொல்வார்கள். மூட்டை தூக்கி வந்த நோ இடுப்பில், நாரியில் இருக்கிறது. அதை நான் ஒரு நோவாகச் சொல்வதேயில்லை. மணிக்கட்டு வலி வேறு. நாலே நாலு சொல்லைப் பகல் முழுதும் திரும்பத் திரும்பத் தட்டியதால் வந்தது. நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணி ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். எதையும் மறைக்கப் போவதில்லை. அந்த வலியை நிறுத்தப் பார்த்தேன். நடந்தது அவ்வளவுதான்.

நான் கண்டாவளையில் ஓர் அரிசி ஆலையில் வளர்ந்தவன். வளர்ந்தவன் என்றால், அப்பாவும் அம்மாவும் அங்கே கூலி, தோள் கொஞ்சம் அகன்றதும் நானும் கூலி. உழவு இயந்திரத்தில் வரும் மூட்டையை முற்றத்தில் இறக்குவோம். முற்றத்திலிருந்து தராசுக்கு. தராசிலிருந்து கிடங்குக்கு. கிடங்கிலிருந்து மெசினுக்கு. ஒரே மூட்டை நாலு தரம் தோளில் ஏறும். பாரத்தை நான் வெறுத்ததில்லை. தராசைக் கிடங்கு வாசலில் வைத்தால் பாதித் தூக்கல் மிச்சம் என்று யோசிக்காத முதலாளியைத்தான் வெறுத்தேன். ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன். "தூக்கிற மாட்டுக்கு வாய் எதுக்கடா?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் அறைந்தார். தராசு இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு யாழ்ப்பாணத்தில் இரவல் பாயில் படுத்து ஒரு கணினி வகுப்பு முடித்தேன். தொண்ணூற்றைந்தில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து, அங்கேயும் இங்கேயும் கிடந்து, வன்னிக்கே திரும்பினேன். தொண்ணூற்றெட்டில் உங்கள் நிறுவனம் புதுக்குடியிருப்பில் அலுவலகம் போட்டபோது, மின்சாரமே இல்லாத அந்த ஊரில் கணினி தெரிந்த ஆளென்று நான்தான் அகப்பட்டேன். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர், ஒரு பழைய கணினி, ஒரு அச்சு இயந்திரம். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நிவாரண அட்டை அடிக்கும் புரோகிராம் ஒன்றை எனக்கு முன்பிருந்தவர் எழுதி வைத்துவிட்டு வெளிநாடு போயிருந்தார்.

அந்தப் புரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னை நீங்கள் கெட்டவன் என்று நினைப்பீர்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைவரின் நிலை என்று ஒன்று உண்டு. உடனிருப்பவர், பிரிந்து போனவர், இறந்தவர், காணாமற்போனவர். இந்த நாலுதான், இதற்கு வெளியே எதுவுமில்லை என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அது நல்ல வசதி. தவறுதலாக வேறொன்றைப் போட்டால் கணினியே தடுத்துவிடும். ஆனால் கணினிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அதற்குள் அவை வெறும் பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று. திரையில் பெயராகக் காட்ட வேண்டுமென்றால், பூச்சியமென்றால் இதைக் காட்டு, ஒன்றென்றால் அதைக் காட்டு என்று நாலையும் எழுத வேண்டும். நாம் தட்டுவதை வாசிக்கும் இடத்தில் அதே நாலையும் மறுவளமாக எழுத வேண்டும். அட்டையில் அச்சடிக்கும் இடத்தில் திரும்ப. அரிசி, மா, பருப்புக் கணக்கில் திரும்ப. மாத அறிக்கையில் திரும்ப. நிலைக்கு மட்டுமா? முகாம் வகை, நோய் வகை, தொழில் வகை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு சொல்லை ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் மறந்தால் அட்டை பிழையாக விழும். முன்னிருந்தவர் எல்லாவற்றையும் கையாலேயே எழுதியிருந்தார். ஒரே மூட்டையை நாலு தரம் தூக்கிய ஆள்.

நான் தராசை வாசலில் வைத்தேன். ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு வரி. அந்த வரியில் அதன் பெயர், அட்டையில் விழ வேண்டிய சொல், ஆங்கிலச் சொல், பங்கீட்டு அளவு, எந்தத் திகதியைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு. வரிகளைச் சேர்த்து ஓர் அட்டவணை. மிச்ச இடமெல்லாம் அந்த அட்டவணையைப் பார்த்துத் தானாக நடந்துகொள்ளும். புது வகை வந்தால் ஒரு வரி சேர்த்தால் போதும். கட்டுக் கட்டாகக் கிடந்த புரோகிராம் கையடக்கமாகச் சுருங்கியது. இதில் ஒரு பிழையுமில்லை. உலகத்தில் எங்கேயும் ஒழுங்காக வேலை செய்கிறவன் இப்படித்தான் செய்வான். நான் செய்த வேலைகளில் இன்றைக்கும் நான் வெட்கப்படாத வேலை அது.

மூன்று வகை அட்டவணைக்குள் அழகாக உட்கார்ந்தன. காணாமற்போனவர் உட்காரவில்லை. மற்ற வகைகளுக்கு ஒரு சொல், ஓர் அளவு, ஒரு திகதி. காணாமற்போனவருக்கு அப்படியில்லை. அவர் தலைவராகவே இருப்பார், ஆனால் அவருக்கு அரிசி கிடையாது. அவர் பெயரை அட்டையிலிருந்து எடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கொருதரம் செய்தி வந்ததா என்று கேட்க வேண்டும். போன திகதி உண்டு, முடிந்த திகதி கிடையாது. அந்த ஒருத்தருக்காக ஐந்து இடத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தது. மணிக்கட்டு அப்போது வீங்கியிருந்தது. யோசித்தேன். இறந்தவர் வீட்டுக்கும் காணாமற்போனவர் வீட்டுக்கும் போகிற அரிசி ஒரே அளவு. உலையில் ஒரு வித்தியாசமும் இல்லை. காணாமற்போனவர்களை இறந்தவர்களுக்குள் போட்டேன்.

இறந்தவர் என்றால் புரோகிராம் இறந்த திகதி கேட்கும், வெறுமையாக விடாது. நான் வேலை முடித்த நாளையே எல்லாருக்கும் போட்டுவிட்டேன். அறுபது சொச்சம் ஆண்கள் ஒரே நாளில் செத்தார்கள். அன்றைக்குப் புதுக்குடியிருப்பில் நல்ல மழை. ஷெல்கூட விழவில்லை.

ஒரு வகையை அடியோடு மறந்துபோனால் கணினி பிழையென்று கத்தும். ஒன்றை இன்னொன்றுக்குள் அமுக்கினால் சத்தமே வராது. மனைவி பெயருக்குப் பக்கத்தில் விதவை என்று அட்டைகள் சுத்தமாக அடிபட்டு வந்தன.

முதலில் கண்டுபிடித்தவர் இரஞ்சிதம் அக்கா. முகாம்களில் பதிவு எடுப்பவர் அவர்தான். அட்டைக் கட்டோடு வந்து என் மேசையில் குந்தினார்.

"பாலன், உம்மடை பெட்டிக்குச் செத்தவனுக்கும் காணாமல் போனவனுக்கும் வித்தியாசம் தெரியாதோ?"

"அரிசி ஒரேயளவு தானே அக்கா."

"அரிசிக்கோ தாலி கட்டினவங்கள்? அரிசி குடுக்கிற சங்கக்கடையிலை விதவையளைத் தனி வரிசையிலை விடுறாங்கள். இந்த அட்டையோடை நான் அங்கை போனால் பொம்பிளையள் என்னை உரிச்சுப் போடுவினம்."

"அடுத்த மாதம் பாப்பம்."

"நீர் கலியாணம் கட்டேல்லை. அதுதான் இவ்வளவு வடிவாக் கதைக்கிறீர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அட்டைக் கட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

பெரும்பாலான பெண்கள் அழுதார்கள், பிறகு அட்டையை வாங்கினார்கள். பசி அப்படி. கலிஸ்ரா வாங்கவில்லை.

கலிஸ்ரா முல்லைத்தீவுக் கரையாள். கணவன் மெல்ரொன் தொண்ணூற்றேழில் வலை போடப் போய்த் திரும்பவில்லை. அவளும் மகள் நிதர்சனாவும் முள்ளியவளையில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். அங்கிருந்து நடந்தே அலுவலகத்துக்கு வந்து, அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"தம்பி, இதிலை என்ன அடிச்சிருக்கு? ஒருக்கா வாசியுங்கோ."

"விதவை எண்டு."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. கொம்பியூட்டருக்கு அப்பிடித்தான் போட ஏலும்."

"எங்கடை கரையிலை உடம்பு ஒதுங்காமல் மாதா கோயிலிலை சாவு மணி அடிக்க மாட்டினம். பங்குச் சுவாமி கேட்டும் நான் செத்தவையின்ரை பூசைக்கு அவரின்ரை பேர் குடுக்கேல்லை. மணி அடிக்காத ஆளுக்கு உங்கடை பெட்டி எப்பிடி அடிச்சது?"

"அது ஒரு சொல்லுத்தானே. நீங்கள் அரிசியை எடுங்கோ."

"கையெழுத்து ஆர் போடுறது? நானெல்லோ" என்றாள். "நானே என்ரை கையாலை அவரைக் குழியிலை தாட்டுப்போட்டு, வந்து சோறு தின்னச் சொல்லுறியள்."

அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. விசுவமடுப் பக்கம் கச்சான் கடலை பிடுங்கும் கூலிக்குப் போகிறாள், பெட்டையைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி அதையும் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று இரஞ்சிதம் அக்கா சொன்னார். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. ஒரு சொல்லுக்காகப் பிள்ளையைப் பட்டினி போடுகிற பிடிவாதம் என்று நினைத்தேன். என்னைப் போன்ற கூலிக்காரன் பிள்ளைக்கு அப்படியொரு பிடிவாதம் வாய்க்காது.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. ஒரு பின்னேரம் உட்கார்ந்து அந்த ஐந்து இடத்திலும் எழுதினேன். காணாமற்போனவர் என்ற நாலாவது வகையைத் திரும்பக் கொண்டுவந்தேன். கலிஸ்ராவின் குடும்பத்தை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். திரையில் சரியாக விழுந்தது: தலைவர் மெல்ரொன், காணாமற்போனவர். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரோகிராமைப் பார்த்தேன். ஈரச் சீமெந்தில் நாய் நடந்த மாதிரி, போகிற இடமெல்லாம் அந்தச் சொல். நான் மினக்கெட்டுச் சுருக்கியதெல்லாம் இந்த ஒரு வகைக்காகத் திரும்ப ஊதிப் பெருத்திருந்தது. திருத்தியதை ஒரு பக்கமாகச் சேமித்து வைத்துவிட்டு, பழையதையே ஓடவிட்டேன். தேவை வந்தால் எடுக்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுக் கடைசியில் எங்கள் பொறுப்பாளர் மயில்வாகனம் ஐயா என்னைக் கூப்பிட்டார். வவுனியா, மன்னார் அலுவலகங்களும் என் புரோகிராமையே எடுக்கப் போகின்றன, பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றார். "பிழை கிழை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். இல்லையென்றேன். நான் வவுனியாவுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்து மற்றவர்களுக்குப் பழக்க வேண்டும் என்றும் சொன்னார். முதன்முதலாக ஒருவர் தராசை நான் சொன்ன இடத்தில் வைக்கச் சம்மதித்திருந்தார்.

அந்தக் கிழமைதான் றொமேஸ் என்றொருவன் வந்தான். ஆமிக்காரரின் பக்கமிருந்து பிரமனாலங்குளம் சோதனைச் சாவடியால் வன்னிக்குள் வந்திருந்தான். உடம்பு மெலிந்திருந்தது, வாய் மெலியவில்லை. இரஞ்சிதம் அக்கா பதிவுக்குப் போயிருந்தார். நான் தனிய இருந்தேன்.

"அண்ணை, மெல்ரொன்ரை மனிசி கலிஸ்ரா இப்ப எங்கை இருக்கிறா எண்டு உங்கடை பெட்டியைக் கேட்டுச் சொல்லுங்கோ."

பெயரைத் தட்டினேன். "மெல்ரொன் இறந்தவர் எண்டு கிடக்கு" என்றேன்.

அவன் கதிரையில் சாய்ந்து சிரித்தான். "ஆர், அவனோ? போன மாதம் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே பீங்கானிலை திண்டனாங்கள். பருப்புக்கை தப்பித்தவறி விழுந்த உருளைக்கிழங்கை எனக்குக் காட்டாமல் முழுங்கினவன். செத்தவன் செய்யிற வேலையோ அது?"

நானும் சிரித்தேன்.

விசயம் இதுதான். மெல்ரொனும் அவனும் ஒரே படகில் போனவர்கள். நேவி பிடித்துத் தெற்கில் ஒரு சிறையில் போட்டிருந்தது. வெறும் மீன்பிடிகாரன், பெண்டில் பிள்ளை உள்ளவன் என்று காட்டினால் விடுவார்கள். றொமேசுக்கு வவுனியாவில் இருந்த தமையன் வந்து காட்டினான், விட்டார்கள். மெல்ரொனுக்கு அப்படி ஆளில்லை. குடும்பம் பதிந்திருக்கும் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஓர் உறுதிப்படுத்தல் வந்தால் போதும் என்று அவனுடைய சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

"நீங்கள் அதை அடிச்சுத் தந்தால், வாற வழக்குத் தவணைக்கு ஆள் வெளியிலை அண்ணை. வந்தவுடனை அந்த உருளைக்கிழங்குக் கணக்கை நான் தீர்க்க வேணும்."

பின்னேரம் வரச் சொன்னேன்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், யோசிக்காமல் செய்தவன் என்று இருக்கக் கூடாது. மெல்ரொன் உயிரோடு இருக்கிறான் என்று அடித்தால் அவனை இறந்தவர்களிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தத் திகதியைப் பார்ப்பார்கள். அந்தத் திகதியைப் பார்த்தால் அறுபது சொச்சம் பேரையும் பார்ப்பார்கள். வருகிற ஆட்களுக்கு முன்னால் புரோகிராம் அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் ஒரு மீன்பிடிகாரன். மறுபக்கத்தில் மூன்று மாவட்டத்துக்கும் பிழையில்லாமல் ஓடப்போகிற ஒரு வேலை. எத்தனை ஆயிரம் குடும்பங்களின் அட்டை. நான் அதை இப்படித்தான் நிறுத்துப் பார்த்தேன். அப்போது நியாயமாகவே பட்டது.

அச்சு இயந்திரத்தை ஓடவிட்டேன். ஆங்கிலத்தில் தெளிவாக விழுந்தது: குடும்பத் தலைவர் மெல்ரொன், தொழில் மீன்பிடி, மனைவி கலிஸ்ரா, மகள் நிதர்சனா, நிலை இறந்தவர். கீழே திகதி. கையெழுத்து வைத்து முத்திரை குத்தினேன்.

றொமேஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினான். "இங்கிலீசு எனக்குக் கறுப்புக் கோடுதான் அண்ணை. எல்லாம் சரியோ?"

"எல்லாம் சரி."

"மனிசிக்கு ஒருக்கா அறிவியுங்கோ. நான் உடனை திரும்ப வேணும். சட்டத்தரணி காத்துக்கொண்டு நிக்கிறார்."

"நாங்கள் தேடிச் சொல்லுறம்" என்றேன். விசுவமடு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் ஒரு காலைப்பொழுது. நான் போகவில்லை.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். வாசலில் நின்று திரும்பவும் நன்றி சொன்னான்.

தவணை வந்தது. கடதாசி அன்று காலைதான் போய்ச் சேர்ந்தது, சட்டத்தரணி முத்திரையைப் பார்த்துவிட்டு வாசிக்காமலே நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறார். செத்துப்போன ஒரு மீன்பிடிகாரனின் பெயரை வைத்துக்கொண்டு வேறு யாரோ ஒருவன் சிறையில் இருக்கிறான் என்று எதிர்த்தரப்பு சொன்னது. அதற்குச் சாட்சி எங்கள் முத்திரை. மெல்ரொன் நான்தான் மெல்ரொன் என்று கத்தியிருக்கிறான். பிறகு அவனை அந்தச் சிறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று சட்டத்தரணிக்கும் சொல்லவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் அப்படியொரு ஆள் தங்களிடம் இல்லை என்றார்கள்.

புரோகிராம் வவுனியாவிலும் மன்னாரிலும் ஓடத் தொடங்கியது. என்னைப் பாராட்டினார்கள். பழக்கி முடித்துப் புதுக்குடியிருப்புக்கே திரும்பினேன்.

போன மாதம் கலிஸ்ரா வந்தாள். றொமேஸ் இந்தமுறை வந்து தானே விசுவமடுவுக்குப் போய் அவளைக் கண்டுபிடித்திருந்தான். அவனைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே வந்தாள். நகத்துக்குள் கச்சான் தோட்டத்து மண். கழுத்தில் தாலி அப்படியே கிடந்தது. இரஞ்சிதம் அக்கா கதிரை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"என்ரை மனுசன் செத்ததெண்டு கடதாசி குடுத்தது நீங்களோ, தம்பி?"

"கொம்பியூட்டரிலை கிடந்ததைத்தான் எடுத்துக் குடுத்தனான் அக்கா."

"அதுக்குள்ளை போட்டது ஆர்?"

இரஞ்சிதம் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"றொமேஸ் வந்து சொன்ன அண்டைக்கே உங்களுக்குத் தெரியும், என்ரை மனுசன் இருக்கிறார் எண்டு."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ குடுத்தனியள்?"

அதற்கும் ஓம் என்றேன். ஏன் பொய் சொல்லவில்லை என்று தெரியவில்லை. கேட்கிறவள் களைத்துப்போய் நின்றாள், அதனாலாக இருக்கலாம்.

"நான் உங்களைத் திட்ட வரேல்லை. திட்ட உடம்பிலை சத்தில்லை" என்றாள். "உயிரோடை இருந்த ஆளை நீங்கள் வாங்கி வச்சிருக்கிறியள். திருப்பித் தாங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அன்றிரவே இரஞ்சிதம் அக்கா உங்களுக்கு எழுதிப்போட்டார். அதனால்தான் நீங்கள் வந்தீர்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள். திருத்திய புரோகிராம் அன்றைக்கு மத்தியானமும் அந்தக் கணினியில்தான் இருந்தது. முத்திரை குத்துவதற்கு முன் அதை ஒருதரம் திறந்து ஓட்டினேன். மெல்ரொன், காணாமற்போனவர் என்று வந்தது. ஒரு விசையை அழுத்தினால் அதையே அச்சடித்திருக்கலாம். அதை மூடிவிட்டு மற்றதைத் திறந்தேன். கை தவறவில்லை. அறிந்துதான் செய்தேன்.

புரோகிராமில் பிழையில்லை என்று மட்டும் எழுதுங்கள். அது நல்ல வேலை. இப்போதும் மூன்று மாவட்டத்தில் ஓடுகிறது, ஒருவரும் எதையும் இரண்டு தரம் தட்டுவதில்லை.

மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். வேலையை எடுங்கள், சிறையில் போடுங்கள். அதனால் இந்தக் கடன் அடைபடாது. கலிஸ்ராவுக்கு நான் ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். பெயர் மெல்ரொன். இன்னும் கொடுக்கவில்லை.